எண்ணெயா, பேஸ்டா, புதுக் கூலரா? தறிகெட்டு ஓடும் சிபியூ ஃபேனுக்கு எந்த வைத்தியம்

தென்னாப்பிரிக்காவில் டோங்காட்டில் எங்கள் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை காலை தமிழ் வகுப்பு நடக்கிறது. வகுப்புக்கென்று ஒரே ஒரு மேசைக் கணினி. பாட்டுப் போட, எழுத்து அட்டை அச்சடிக்க, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளுக்கு நோட்டீஸ் தயாரிக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். ஜூலையில் அதன் சிபியூ ஃபேனுக்கு, அதாவது கணினியின் மூளையான பிராசசரைக் குளிர்விக்கும் விசிறிக்கு, ஒரு நோய் வந்தது. அமைதியாக இருக்கும், திடீரென்று அலறும், பத்து வினாடியில் அடங்கும், சில நேரம் கரகரவென்று தேய்ந்துவிட்டு நின்றே போகும். பிள்ளைகளிடம் உயிரெழுத்து கேட்டால், அவர்கள் ‘அ’ என்று வாய் திறக்குமுன் கணினி ‘ஊ’ என்கிறது. வகுப்பு முழுக்கச் சிரிப்பு.

மண்டபத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஃபேனுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும் என்றார் என் ஆயா. பெரிய டவர் கூலர் (பிராசசர்மேல் உட்காரும் உயரமான குளிர்விப்பான்) போடலாம், முடிந்தால் தண்ணீர் ஓடுகிற கூலரே போடலாம் என்றான் மேல்வகுப்புப் பையன். மதர்போர்டே (எல்லாப் பாகமும் செருகும் பலகை) போய்விட்டது என்று பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொன்னார் ஒரு கடைக்காரர். பழசைக் கட்டி அழாமல் புதுசு வாங்கிவிடுவோம் என்றார் கோயில் செயலாளர் அண்ணா. பயோஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) வேகத்தைக் கூட்டி வைத்தால் முடிந்தது கதை என்று நான் நினைத்தேன். ஐந்தும் ஏதோ ஒரு கணினிக்குச் சரியான வைத்தியம்தான். எங்கள் கணினிக்கு எது என்பதைக் கண்டுபிடிக்கப் பல சனிக்கிழமை ஆனது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் மூன்று சாட்சிகள்

ஃபேன் தானாக எதையும் முடிவு செய்வதில்லை. பிராசசருக்குள்ளேயே சூட்டை அளக்கும் உணரிகள் உண்டு. அந்த எண்ணைப் பார்த்து மதர்போர்டு ‘இவ்வளவு வேகம் ஓடு’ என்று ஃபேனுக்குச் சொல்கிறது. ஃபேன் ‘இவ்வளவு ஓடுகிறேன்’ என்று பதில் சொல்கிறது. இன்றைய சிபியூ ஃபேனில் நான்கு கம்பிகள் இருப்பது இதற்காகத்தான்: ஒன்று தரைக் கம்பி, ஒன்று 12 வோல்ட், ஒன்று வேகத்தைத் திருப்பிச் சொல்வது, இன்னொன்று கட்டளை கொண்டு வருவது. வேகக் கம்பியில் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு வரும். அதை எண்ணித்தான் திரையில் ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டுகிறார்கள். கட்டளைக் கம்பிக்குப் பிடபிள்யூஎம் என்று பெயர். அதில் வினாடிக்குச் சுமார் 25,000 முறை மின்னோட்டத்தை விட்டு விட்டுக் கொடுத்து வேகத்தை ஏற்றி இறக்குகிறார்கள்.

ஆகவே ஃபேன் கோளாறாக ஓடினால் கேட்க வேண்டியது, கட்டளையே கோளாறா, கட்டளை சரியாக இருந்தும் ஃபேனால் முடியவில்லையா, பதில் மட்டும் தப்பாக வருகிறதா என்பது. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டால் சூடும் ஆர்பிஎம்மும் ஒரே திரையில் தெரியும். மூன்றாவது சாட்சி உங்கள் காது. கேபினெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பத்து நிமிடம் மூன்றையும் கவனியுங்கள். இந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடித்தவர்கள்தான் வேண்டாத சாமானெல்லாம் வாங்குகிறார்கள்.

சூடு 45 டிகிரியிலிருந்து 65-க்குத் தாவி மறுபடி 45-க்கு விழுகிறது, ஃபேனும் கூடவே ஏறி இறங்குகிறது என்றால் ஃபேன் சொன்னபடிதான் கேட்கிறது. திருத்த வேண்டியது கட்டளையை. சும்மா இருக்கும்போதே சூடு 60-ஐத் தாண்டி நிற்கிறது, ஒரு பிரௌசரைத் திறந்தால் 90-ஐத் தொடுகிறது என்றால் சூடு வெளியேற வழியில்லை. தூசி, காய்ந்த பேஸ்ட் (பிராசசருக்கும் கூலருக்கும் நடுவில் பூசும் பசை), அல்லது சரியாக உட்காராத கூலர். சூடு குறைவாகத்தான் இருக்கிறது, ஆனாலும் ஃபேன் தேய்கிறது, தட்டுகிறது, காலையில் முதல்முறை போடும்போது சுற்ற மறுக்கிறது என்றால் பேரிங், அதாவது சுழலும் தண்டைத் தாங்கும் பாகம். காதுக்கு ஒரே சீரான சத்தம் கேட்கிறது, திரையில் மட்டும் ஆர்பிஎம் பூஜ்யத்துக்கும் ஏழாயிரத்துக்கும் குதிக்கிறது என்றால் பதில் சொல்லும் கம்பியிலோ அது செருகிய இடத்திலோ கோளாறு. கேபினெட்டில் உள்ள எல்லா ஃபேனும் சேர்ந்து தடுமாறி, கணினியும் அவ்வப்போது தானாக அணைந்து எழுகிறது என்றால் பவர் சப்ளையைச் சந்தேகிக்கலாம்.

எங்களுக்கு இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தே இருந்தன. அதனால்தான் குழப்பம். ஒரே ஒரு நோய் என்று நினைத்துக்கொண்டு மருந்து தேடினோம்.

இன்னொன்று: எதற்கும் முன்னால் ஒரு டார்ச் அடித்து ஃபேனைப் பாருங்கள். தளர்ந்த கம்பி ஒன்று இறக்கையில் உரசிக்கொண்டிருப்பதுண்டு. எங்கள் பக்கத்தில் பல்லியும் உள்ளே போய்க் குடியிருக்கும். இதற்கு வைத்தியச் செலவு ஒரு கேபிள் டை.

பயோஸ்: காசு செலவில்லை, ஆனால் யாருக்கு?

என் யோசனையிலிருந்தே தொடங்குகிறேன். இது ஏஎம்டி கம்பெனியின் ரைசன் பிராசசர் வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் சரியான முதல் படி. அந்தப் பிராசசர்கள் சின்ன வேலைக்குக்கூட ஒரு ‘கோர்’ பகுதியை (உள்ளே கணக்குப் போடும் அலகு) முழு வேகத்துக்குத் தூக்கும். அந்த நொடியில் சூடு பத்துப் பதினைந்து டிகிரி எகிறும், உடனே இறங்கும். ஃபேன் ஒவ்வொரு துள்ளலுக்கும் பின்னாலேயே ஓடினால் மூச்சு வாங்கும் ஆள் மாதிரி சத்தம் வரும். பழுது எதுவும் இல்லை. பயோஸில் ஃபேன் பகுதிக்குப் போய், வேகம் கூடுவதற்கு முன் சில வினாடி பொறுக்கச் சொல்லும் அமைப்பைத் தேடுங்கள். ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. மூன்று, நான்கு வினாடி கொடுத்தாலே அமைதியாகிவிடும். கூடவே அங்குள்ள வரைபடத்தில் 40 முதல் 65 டிகிரி வரை வேகக் கோட்டைச் சமமாகப் படுக்க வைத்து, அதற்கு மேல் ஏற விடுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம் அதே பக்கத்தில் பார்க்க வேண்டும். ஃபேன் மூன்று பின்னா (மூன்று கம்பியா), நான்கு பின்னா என்று பாருங்கள். மூன்று பின் ஃபேனுக்குக் கட்டளைக் கம்பி கிடையாது. வோல்டேஜைக் குறைத்துத்தான் அதன் வேகத்தைக் குறைக்க முடியும். செருகிய இடம் பிடபிள்யூஎம் முறையில் இருந்தால் அது எப்போதும் முழு வேகத்திலேயே ஓடும். தலைகீழாக, நான்கு பின் ஃபேனை வோல்டேஜ் முறையில் வைத்தால் குறைந்த வேகத்தில் திக்கும். இரண்டாவது, குறைந்தபட்ச வேகம். அதை 20 சதவீதத்துக்கும் கீழே இறக்கிவிட்டால் சில ஃபேன்கள் நின்றுவிடும். நின்றதைக் கண்டு போர்டு பதறி முழு விசையைக் கொடுக்கும். ஓடும், மறுபடி இறங்கும், நிற்கும். இந்தச் சுழற்சியைப் பார்த்துவிட்டு ஃபேனை மாற்றியவர்கள் உண்டு.

எங்கள் கணினியில் நான் என்ன செய்தேன்? குறைந்தபட்ச வேகத்தை 70 சதவீதமாக்கினேன். அலறி அடங்குவது நின்றது, எப்போதும் அலறியது. சூடு நான்கு டிகிரிதான் குறைந்தது. காய்ச்சல்காரனுக்கு விசிறி வீசிய கதை. சூடு உண்மையிலேயே அதிகமாக இருக்கும்போது பயோஸில் கை வைப்பது நோயை மூடி மறைக்கும், அவ்வளவுதான். அதையும் சொல்லியாக வேண்டும்.

தூசியும் பேஸ்டும்

நான் அதிகம் எழுத விரும்புவது இதைப்பற்றித்தான். ஏனென்றால் இந்த ஊரில் பத்துக் கணினியில் ஏழெட்டுக்கு இதுவே போதும் என்பது என் அனுபவம்.

டர்பனுக்கு வடக்கே கடலோரமாக வசிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஏப்ரல் தொடங்கி டிசம்பர் வரை கரும்பு வெட்டு. வெட்டுமுன் சோகையை எரிக்கத் தோட்டத்துக்குத் தீ வைக்கிறார்கள். மாலையில் புகை எழும்; காலையில் கொடியில் காயும் வேட்டியில் கறுப்புக் கீற்று கீற்றாகச் சாம்பல். எங்கள் தாத்தாக்களின் தாத்தாக்கள் 1860-லிருந்து கப்பலேறி வந்தது இந்தக் கரும்புக்காக. இன்று அதே கரும்பு ஜன்னல் வழியாக வந்து கணினிக்குள் உட்காருகிறது. சாம்பல் மட்டும் என்றால் ஊதினால் போய்விடும். கடல் காற்றின் ஈரம் சேர்ந்து, அது ஹீட்சிங்கின் (பிராசசர்மேல் உட்கார்ந்து சூட்டை வாங்கும் உலோகம்) தகடுகளுக்கு நடுவில் கம்பளி மாதிரி படிகிறது. எங்கள் கணினியில் ஃபேனைக் கழற்றியபோது கீழே அலுமினியமே தெரியவில்லை. கறுப்பாக ஒரு மெத்தை. ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றி என்ன? காற்று அந்த மெத்தையில் முட்டித் திரும்பிக்கொண்டிருந்தது.

சுத்தம் செய்ய வீட்டுக்கு வெளியே கொண்டுபோங்கள். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்சச் சக்தியை வடியுங்கள். காற்று டப்பாவோ ஊதுகருவியோ வைத்து ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். விட்டுவிட்டால் அது தாறுமாறான வேகத்தில் சுற்றி, பேரிங்கைக் கெடுக்கும். சுற்றும் மோட்டார் மின்சாரமும் உண்டாக்கும், அது போர்டுக்குள் போகும். வீட்டு வாக்யூம் கிளீனரை உள்ளே விடாதீர்கள், நிலைமின்சாரம் வரும். வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் தெறிக்கும். பல் தேய்க்கும் பிரஷ் ஒன்று போதும், பழையது.

பேஸ்ட் விஷயத்துக்கு வருவோம். பிராசசரின் உலோக மூடியும் ஹீட்சிங்கின் அடியும் கண்ணுக்கு வழுவழுப்பாகத் தெரிந்தாலும் இடையில் நுண்ணிய பள்ளங்கள் உண்டு. அங்கே காற்று இருந்தால் சூடு கடக்காது; அதை நிரப்பத்தான் பேஸ்ட். வருடக்கணக்கில் சூடாகி ஆறி, சூடாகி ஆறி அது காய்ந்து சுண்ணாம்பு போலாகும். எங்களுடையது கணினி வாங்கிய நாளிலிருந்து மாற்றப்படாதது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில், 90 சதவீதத்துக்கு மேல் உள்ளதில், துணியை நனைத்து இரண்டு பக்கமும் துடைத்தெடுக்க வேண்டும். புது பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு நடுவில் வைத்தால் போதும். கூலரின் அழுத்தமே பரப்பிக்கொள்ளும். இட்லிக்குச் சட்னி மாதிரி அள்ளி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வழிந்து போர்டில் விழுந்ததைத் துடைப்பதுதான் மிச்சம்.

ஏஎம்4 சாக்கெட்டு (போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) உள்ள ரைசன்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அதில் பின்கள் பிராசசரிலேயே இருக்கின்றன. காய்ந்த பேஸ்ட் ஒட்டிக்கொண்டிருக்கும்போது கூலரை நேராகப் பிடுங்கினால் பிராசசரும் சாக்கெட்டிலிருந்து கூடவே வந்து பின் வளையும். பத்து நிமிடம் கணினியை ஓடவிட்டுச் சூடாக்கி அணைத்துவிட்டு, கூலரை இடம் வலமாக மெல்லத் திருகித் தளர்த்திய பிறகே தூக்குங்கள்.

இன்டெல்லோடு பெட்டியில் வரும் கூலரில் வேறு வகைத் தொல்லை. நான்கு மூலையில் நான்கு பிளாஸ்டிக் பின். தலையில் ஓர் அம்புக்குறி இருக்கும். கழற்ற அம்பின் பக்கம் திருகி மேலே இழுக்க வேண்டும். மாட்டுமுன் அதைத் திருப்பி ஆரம்ப நிலைக்குக் கொண்டு வந்து, எதிரெதிர் மூலையாக அழுத்தினால் ‘டக்’ என்று கேட்கும். மூன்று ‘டக்’ கேட்டு நான்காவது கேட்காமல் விட்டால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, சூட்டில் தெரியும். முடிந்தால் போர்டின் பின்பக்கம் டார்ச் அடித்து நான்கு காலும் விரிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். எங்களுடையதில் ஒன்று எத்தனையோ வருடமாக அரைகுறையாகத்தான் மாட்டியிருந்தது. அதை வைத்துக்கொண்டே 2023-ன் லோட் ஷெடிங்கை (முறைவைத்த மின்வெட்டு) எல்லாம் தாண்டி வந்திருக்கிறது, பாவம்.

முடிவு: சும்மா இருக்கும்போது 62 டிகிரி இருந்தது 39 ஆனது. முழு வேலை கொடுத்தால் 97 போனது 72-ல் நின்றது. அலறி அடங்குவது அன்றோடு போனது. பேஸ்ட் டியூபும் ஆல்கஹாலும் சேர்ந்து ஒரு குடும்பத்துக்குப் பன்னி சோ (ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பிய எங்கள் ஊர்ச் சாப்பாடு) வாங்கும் செலவுகூட இல்லை.

கரகரப்பு மட்டும் அப்படியே இருந்தது.

ஆயாவின் எண்ணெய்

ஆயா டர்பனில் துணி ஆலையில் இருபது வருடம் தைத்தவர். தையல் மெஷின் எண்ணெய்க் குப்பி இன்னும் அவர் அலமாரியில் இருக்கிறது. அவர் சொன்னதை நான் முதலில் சிரித்து ஒதுக்கினேன், தப்பு என்னுடையது. மலிவான ஃபேன்களில் சுழலும் தண்டு ஒரு குழலுக்குள் எண்ணெயில் மிதக்கிறது. எண்ணெய் வற்றினால் உலோகம் உலோகத்தோடு தேயும். குளிர்ந்த காலையில் சத்தம் அதிகம், சூடானதும் குறையும். ஃபேனின் நடு ஸ்டிக்கரைப் பாதி உரித்து, அடியில் ரப்பர் மூடி இருந்தால் அதையும் நீக்கி, ஒரே ஒரு சொட்டு விட்டு, மூடி, ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். தையல் மெஷின் எண்ணெய் மெல்லியது, அதனால் பொருந்தும். டபிள்யூடி-40 அடிக்காதீர்கள், அது இருக்கிற எண்ணெயையும் கரைத்துக்கொண்டு போய்விடும். மண்டபத்தில் ஒருவர் நல்லெண்ணெய் சொன்னார். விளக்குக்கு ஊற்றுங்கள் என்று சொல்லிவிட்டேன். சமையல் எண்ணெய் சில வாரத்தில் பிசினாகும்.

எங்கள் ஃபேன் எண்ணெய் விட்ட அன்று பூப்போல் சுற்றியது. ஐந்தாவது வாரம் மறுபடி கரகரத்தது. ஏற்கெனவே தேய்ந்த தண்டை எண்ணெய் திருப்பிக் கொடுக்காது. ஆகவே எண்ணெய் என்பது அவகாசம் வாங்கும் வழி: பரீட்சை வாரம், ஆர்டர் செய்த ஃபேன் வந்து சேரவில்லை, மாதக் கடைசி என்றால் தாராளமாகச் செய்யுங்கள். வெகு நாள் ஓடும் கணினிக்கு அதை நம்பி இருக்காதீர்கள். பால் பேரிங் ஃபேன்களிலும் மூடி முத்திரையிட்ட ஃப்ளூயிட் பேரிங் ஃபேன்களிலும் எண்ணெய் விட வழியே இருக்காது. உரித்துப் பார்த்து ஸ்டிக்கரைக் கெடுத்ததுதான் மிச்சமாகும்.

ஃபேன் மட்டுமா, கூலரோடா

இது உங்களிடம் இருக்கும் கூலரைப் பொறுத்தது. டவர் கூலர் என்றால் யோசிக்கவே வேண்டாம். அதில் இருப்பது பெரும்பாலும் சாதாரண 120 மில்லிமீட்டர் ஃபேன். இரண்டு கம்பிக் கொக்கியைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். நான்கு பின் உள்ள எந்த நல்ல 120 ஃபேனும் அந்த இடத்தில் உட்காரும், பேஸ்டைக்கூடத் தொட வேண்டாம்.

இன்டெல் பெட்டிக் கூலரில் அப்படி முடியாது. ஃபேனும் சட்டமும் ஒன்றாகச் செய்தது. தனி ஃபேன் தேடி அலைவதற்குள் முழுக் கூலரே கிடைத்துவிடும், விலையிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. எப்படியும் கழற்றினால் பேஸ்ட் மாற்றப்போகிறோம். அதனால் நான் முழுக் கூலருக்கே வாக்களிப்பேன். நாங்கள் செய்ததும் அதுதான்.

வாங்குமுன் சாக்கெட் பெயரைப் பாருங்கள். இன்டெல்லில் எல்ஜிஏ 1150, 1151, 1155, 1200 இவை எல்லாவற்றுக்கும் துளை இடைவெளி 75 மில்லிமீட்டர். ஒன்றுக்கு வாங்கியது மற்றதற்கும் பொருந்தும். எல்ஜிஏ 1700-ல் அது 78. பழைய கூலரை அதில் திணிக்காதீர்கள். ஏஎம்4-க்குச் செய்த கூலர்கள் பெரும்பாலும் ஏஎம்5-லும் உட்காரும், போர்டோடு வரும் பின்தகட்டையே பயன்படுத்தினால்.

மேல்வகுப்புப் பையன் கேட்ட டவர் கூலர் நல்ல பொருள்தான். ஹைப்பர் 212, ஏகே400 போன்றவை பல வருடம் பேர் வாங்கியவை. ஆனால் உயரம் சுமார் 155 மில்லிமீட்டர். எங்கள் ஒல்லிக் கேபினெட்டில் மூடியே மூடாது. அதோடு எங்கள் பிராசசர் ஐ5-6500, 65 வாட். அந்த ஸ்கைலேக் தலைமுறைக்கு அடித்தட்டு முந்தையதைவிட மெலிது. கனமான கூலர் அழுத்தி வளைக்கிறது என்று 2015 கடைசியிலேயே பேச்சு கிளம்பி, சில கூலர் கம்பெனிகள் திருகாணியை மாற்றிக் கொடுத்தன. 65 வாட் சூட்டை வெளியேற்ற மேலிருந்து கீழே ஊதும் சின்னக் கூலரே போதும். அது போர்டின் மற்றப் பாகங்களுக்கும் கொஞ்சம் காற்று கொடுக்கும்.

தண்ணீர்க் கூலர் பற்றி ஒரே வரி: பம்ப் என்று இன்னொரு ஓடும் பாகத்தைச் சேர்க்கிறீர்கள், அதுவும் ஒரு நாள் நிற்கும், வீடியோ வேலையும் பெரிய பிராசசரும் இல்லாதவர்களுக்கு வேண்டாம். பையன் முகம் வாடியது.

‘மதர்போர்டு போச்சு’

கடைக்காரர் சொன்னது நடக்கக்கூடியதுதான், அவர் சோதித்துப் பார்க்காமல் சொன்னதுதான் எனக்கு வருத்தம். சோதிக்க ஐந்து நிமிடம் போதும். சிபியூ ஃபேனைப் பிடுங்கி, போர்டில் கேபினெட் ஃபேனுக்கென இருக்கும் வேறு இடத்தில் செருகுங்கள். கோளாறு கூடவே போனால் குற்றவாளி ஃபேன். சிபியூ ஃபேன் இடத்தில் வேறொரு நல்ல ஃபேனைச் செருகிப் பாருங்கள். நல்லது அங்கே வந்து திக்கினால் குற்றவாளி அந்த இடம். எங்களுடைய பழைய ஃபேன் எங்கே செருகினாலும் கரகரத்தது. போர்டு பிழைத்தது.

அந்த இடமே கெட்டிருந்தாலும் போர்டைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஃபேனை வேறு இடத்தில் செருகி, பயோஸில் அந்த இடத்தைப் பிராசசர் சூட்டைப் பார்த்து ஓடும்படி அமைத்து, சிபியூ ஃபேன் எச்சரிக்கையை மட்டும் அணைத்துவிடலாம். அணைத்த பிறகு ஃபேன் நின்றால் போர்டு உங்களிடம் சொல்லாது என்பதை நினைவில் வையுங்கள். பிராசசர் 100 டிகிரி பக்கம் போனால் தானே வேகத்தைக் குறைத்து, அதற்கும் அடங்காவிட்டால் அணைந்துகொள்ளும். ஆகவே தீப்பிடிக்கும் என்று பயப்பட வேண்டாம், ஆனால் அதை நம்பி வாழவும் வேண்டாம்.

பவர் சப்ளை வேறு கதை. மின்சாரம் போய்ப் போய் வந்த வருடங்களில், வரும் நொடியின் அதிர்ச்சியை எல்லாம் முதலில் வாங்கியது அதுதான். எல்லா ஃபேனும் ஒன்றாகத் தடுமாறி, பயோஸில் 12 வோல்ட் என்ற வரி 11.4-க்குக் கீழே போனால் (5 சதவீதம் வரைதான் சலுகை) ஃபேனைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டுச் சப்ளையை மாற்றுங்கள். தெரியாமல் அதைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் அடிக்கும். இந்த ஒன்றுக்கு மட்டும் கடைக்குப் போவதே நல்லது.

செயலாளர் அண்ணாவின் கேள்வி

புதுசு வாங்கிவிடலாமே என்று அவர் கேட்டதை ஃபேனை வைத்து யாரும் மறுத்துவிடலாம். சில நூறு ராண்டில் முடியும் வேலைக்குச் சில ஆயிரம் ராண்ட் எதற்கு? ஆனால் அவர் கையில் இன்னொரு நல்ல காரணம் இருந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு நின்றது. விண்டோஸ் 11 ஏற்கும் இன்டெல் பட்டியல் ஒன்றிரண்டு விலக்குகள் தவிர எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது; எங்கள் 6500 ஆறாம் தலைமுறை. ஃபேன் சரியானாலும் அந்தக் கதவு மூடியே இருக்கும்.

எனவே ஒன்பது பத்து வருடம் ஆன கணினிக்கு நான் வைக்கும் கோடு இது: பேஸ்ட், சின்னக் கூலர் வரை செலவழிக்கலாம். போர்டு, பவர் சப்ளை இரண்டும் சேர்ந்து போனால் அதற்கு மேல் ஒரு ராண்ட்கூட வேண்டாம். வங்கிக் கணக்கு, கோயில் வரவுசெலவு எல்லாம் அதில்தான் என்றால் இப்போதே மாற்றுங்கள். பாட்டுப் போடவும் அச்சடிக்கவும் மட்டும் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றிப் பயன்படுத்தலாம். தமிழ்99 விசைப்பலகை அதிலும் வேலை செய்கிறது, நான் பார்த்தேன். எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ ஆன இன்டெல் கணினியோ, விண்டோஸ் 11 ஏற்கும் ரைசனோ வைத்திருப்பவர்கள் ஒரு ஃபேனுக்காகப் புதுசு வாங்கினால் அது ஆசைக்கு வாங்குவது. ஆசைக்கு வாங்கலாம், ஃபேன் மேல் பழி போட வேண்டாம்.

மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். எண்ணெய்க்கும் பேஸ்டுக்கும் இடையிலேயே நிற்பீர்கள். கூலரைத் தனியாக விரும்பியதை வாங்க முடியாது. மாடல் எண்ணைச் சொல்லி அதே ஃபேனைத்தான் தேட வேண்டும்.

எங்கள் கணினி இப்போது தரையில் இல்லை. கரும்புத் தோட்டத்தைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே வைத்திருந்தோம், அதை எதிர்ச் சுவரோரம் மேசைமேல் ஏற்றிவிட்டோம். வெட்டு முடிந்து டிசம்பரில் ஒருமுறை, அடுத்த ஆகஸ்டில் நடுவில் ஒருமுறை திறந்து தூசி தட்டுவது என்று பேசியிருக்கிறோம். மேல்வகுப்புப் பையன் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டான், பழைய ஃபேனைத் தனக்குத் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. விண்டோஸ் விஷயத்தைச் செயலாளர் அண்ணா அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஏழாவதாக எழுதி வைத்திருக்கிறார். ஆறாவது, மண்டபக் கூரை ஒழுக்கு.